டிஸ்குக்கு இட்ட பொட்டு

வண்டிய அந்த ஷெட்டுலயா விட்டிருக்கீய அண்ணாச்சி? ஒரு மணி நேரம் ஆகும்னானா? அப்பம் ரெண்டு மணி நேரம்னு வச்சிக்கிடுங்க. இப்பிடி ஓரமா உக்காருங்க, அந்தப் பக்கம் பெஞ்சுக் காலு ஆடும். டீ நல்லா இருக்கும். சீனி மட்டும் கம்மின்னு சொல்லிருங்க, இல்லாட்டா பாயசமா ஆக்கிருவான்.

நானா? எனக்கு வண்டி ஒண்ணும் அங்க இல்ல. நான் அந்தப் படிய மிதிக்கவும் மாட்டேன். காலையில அம்பாசமுத்திரத்துல பஸ் ஏறி, பத்து மணிக்கு இங்க பாவூர்சத்திரத்துல எறங்குனேன். எறங்குனவன் இந்த பெஞ்சில உக்காந்தேன், உக்காந்தே இருக்கேன். மூணு டீ ஆச்சு. அந்தா, நீலச் சட்ட போட்டுக்கிட்டு வண்டிக்கு அடியில இருந்து எந்திரிக்கான் பாருங்க, அவன்தான் ஷெட்டுக்காரன். குத்தாலிங்கம்னு பேரு. எம் பொண்டாட்டி கூடப் பொறந்த தம்பி. எனக்கு மச்சினன்.

இன்னும் ஒம்பது நாள்ல எம் மகளுக்குக் கல்யாணம். இந்த மஞ்சப் பையில தட்டு, வெத்தல பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் இருக்கு. மொதப் பத்திரிகை கொலசாமிக்கு, ரெண்டாவது தாய்மாமனுக்கு. அதான எங்க பக்கத்து மொற? நான் முன்னூத்திப் பதினஞ்சு பத்திரிகை வச்சாச்சு. எங்க வீட்டுக்குப் பால் ஊத்துதவனுக்குக்கூட வச்சாச்சு. அந்த ரெண்டாவது பத்திரிகை மட்டும் இன்னும் பையிலயே கெடக்கு.

எதுக்குன்னு கேளுங்க. கேக்கமாட்டீயளா? சரி, நானே சொல்லுதேன்.

எனக்கு மெடிக்கல் ஷாப்பு. ஆவுடையப்பன் மெடிக்கல்ஸுன்னா எங்க ஊரு அம்பையில பச்சப் புள்ளையும் வழி சொல்லும். வீட்டுல ஒரு காரு இருக்கு. ஓட்டுதது எம் பொண்டாட்டி உலகம்மாள். வீரவநல்லூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல அவ ஹெட்மிஸ்ட்ரஸு, தெனம் போக வர அவதான் எடுப்பா. எனக்கும் ஓட்டத் தெரியும், லைசென்ஸுதான் இல்ல. போன ஐப்பசியில அவங்க சித்தப்பா வீட்டுல பால் காய்ச்சு. நாங்க ரெண்டு பேரும் காருல போய் எறங்குதோம். நிறுத்தும்போது வண்டி கிர்ர்ருன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. ஒரு மாசமாவே அந்தச் சத்தம் உண்டு. வண்டின்னா சத்தம் போடத்தான செய்யும்? நான் ஒண்ணும் கண்டுக்கிடல.

பந்தியில உக்காந்திருக்கோம். எனக்கு நாலு எல தள்ளி இவன். சாம்பார் விட்டுக்கிட்டு இருக்காவ, அப்பம் சத்தமாச் சொல்லுதான், "அத்தான், முன் வீல்ல பிரேக்கு பேடு தேஞ்சு போச்சு. இரும்போட இரும்பு உரசுது. டிஸ்கையும் அறுத்திருக்கும். நாளைக்கே ஷெட்டுல விடுங்க, அக்கா தெனம் ஓட்டுத வண்டி."

நல்லாத்தான் சொன்னான், இல்லேங்கல. நானும் மரியாதையாத்தான் பதில் சொன்னேன். "அதுக்கென்ன மாப்ள, இதுக்குப் போயி ஷெட்டு எதுக்கு, நானே வீட்டுல மாத்திக்கிடுதேன்"னேன். அதுக்கு இவன் என்ன சொல்லணும்? "சரித்தான்"னு சொல்லணும். இல்ல, வாய மூடிக்கிட்டுச் சோத்தத் தின்னணும். இவன் சிரிக்கான் அண்ணாச்சி! "அத்தான், ஊறுகா பாட்டில் மூடி தெறக்கதுக்கே எங்க அக்காளத்தான கூப்பிடுவீய"ங்கான்.

பந்தியே சிரிச்சிச்சு. சாம்பார் வாளிய வச்சிக்கிட்டு நின்னவன் சிரிச்சான். எம் பொண்டாட்டி, கட்டுன பொண்டாட்டி, அவளும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா. நான் எலைய மூடிட்டு எந்திரிச்சிட்டேன். பாயசம் வரல, மோரு வரல, பாதிச் சோறு எலையில. விசேச வீட்டுல பந்தியில பாதியில எந்திரிச்சா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா? நூறு பேரு பாக்க எந்திரிச்சேன். அந்த எந்திரிப்புக்கு ஒரு மருவாதி வேண்டாமா? அப்பம் பிரேக்க நான்தான மாத்தியாகணும்?

முப்பது வருசமா டாக்டர்மார் கிறுக்கல வாசிக்கவன் நான். ஒரு டாக்டர் எழுதுனது அவருக்கே புரியாம எங்கிட்ட ஆள் விட்டுக் கேட்டிருக்காரு. எனக்கு ஒரு பிரேக்கு வாசிக்கத் தெரியாதாக்கும்?

திருநெல்வேலியில போயி சாமான் வாங்குனேன். வீலோட சுத்துத தட்டு ரெண்டு, அதான் டிஸ்கு; அதக் கவ்வி நிறுத்துத பேடு ஒரு செட்டு. டிஸ்கு எப்பிடி இருந்துச்சுங்கீய! சக்கராயுதம் மாதிரி பளபளன்னு, கையில கனமா. கூட ஒரு சின்னத் தாள்ல எப்பிடி மாட்டணும்னு போட்டிருந்தான். அத மூணு நாளு வாசிச்சேன். போன்ல படமும் பாத்தேன், ஒரு வெள்ளக்காரன் பேசிக்கிட்டே மாட்டுதான், இருவது நிமிசத்துல முடிச்சிட்டான். வெள்ளக்காரனுக்கு இருவதுன்னா நமக்கு நாப்பதுன்னு வச்சிக்கிட்டேன்.

ஞாயித்துக்கெழம காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சேன். வீட்டு முன்னால வண்டிய நிப்பாட்டி, பின் வீலு உருளாம ஆட்டுக்கல் கொழவியயும் அம்மிக் கொழவியயும் அண்டக் குடுத்தேன். ஜாக்கிய வச்சித் தூக்கியாச்சு. நட்டக் கழத்தப் போனா வீலு சுத்துது. நான் ஸ்பேனரத் திருக்குதேன், வீலும் கூடவே வருது. உலகம்மாள் கைய கட்டிக்கிட்டு வாசல்ல நின்னு பாக்கா. "மொதல்ல தரையில வச்சி நட்ட லூசு பண்ணிட்டுல்லா தூக்கணும்"ங்கா. நானும் அதத்தான் செய்யப் போனேன், அவ அதுக்குள்ள சொல்லிட்டா. எறக்குனேன், லூசு பண்ணுனேன், திரும்பத் தூக்குனேன்.

வீலக் கழத்திட்டுப் பாத்தா, சொல்லக் கூடாது, அவன் சொன்னது சரிதான். பேடு கழுத தேஞ்சு கட்டெறும்பு ஆன மாதிரி ஆயிருந்துச்சு. டிஸ்குல வரி வரியா ஒழவு உழுத மாதிரி கோடு. ஆனா அவன் சொன்னதுனால தேயல பாருங்க, தேஞ்சதுனாலதான் அவன் சொன்னான். அது வேற இது வேற.

பேடப் பிடிச்சிக்கிட்டு ஒரு இரும்புக் கூடு இருக்கும், காலிபருன்னு சொல்லுவாவ. அதுல ரெண்டு போல்ட்டு. சவம், அசையவே இல்ல. ஸ்பேனர் மேல ஏறி நின்னேன். அது அசையல, நான்தான் விழுந்தேன். முட்டியில தோலு போச்சு, எங்க கடையில மருந்துக்கா பஞ்சம்? மருந்தப் போட்டுக்கிட்டு மறுபடி ஏறுனேன். ரெண்டாவது தடவ, டொக்குன்னு விட்டுச்சு. எனக்கு அந்தச் சத்தம் எப்பிடி இருந்துச்சுங்கீய? எம் மக பொறந்து மொத அழுக அழுதாள்லா, அப்பிடி இருந்துச்சு. ஒப்புரான, சத்தியமாச் சொல்லுதேன்.

காலிபரக் கழத்துனா அத ரப்பர் கொழாயில தொங்க விடக் கூடாது, கொழாய் அத்துரும். ஷெட்டுல எத்தன பேரு தொங்க விடுதானுவ தெரியுமா? நான் பேண்டேஜ் துணி எடுத்து, குளுக்கோஸ் பாட்டில் கட்டுத மாதிரி மேல கட்டித் தொங்க விட்டேன். உள்ள ஒரு பிஸ்டன் இருக்கு, அத உள்ள தள்ளுனாத்தான் புதுப் பேடு உக்காரும். தள்ளுனா மேல டப்பாவுல பிரேக்கு ஆயிலு பொங்கும். அதுக்கு நான் என்ன செஞ்சேன்? பெரிய ஊசிச் சிரிஞ்சு ஒண்ணு எடுத்து, ஆயில மொதல்லயே உறிஞ்சிட்டேன். பொங்குமா இனி? சொல்லுங்க அண்ணாச்சி, இவ்வளவு சுத்தமா எவன் செய்வான்? கையில கிளவுஸு, வாயில மாஸ்க்கு. தெருவுல போறவன் ஒருத்தன், "என்ன அண்ணாச்சி, வண்டிக்குப் பிரசவமா?"ன்னு கேட்டுட்டுப் போறான். போட்டும்.

புது டிஸ்குல துருப் பிடிக்காம இருக்க ஒரு எண்ணெயப் பூசி அனுப்புவான். அத அப்பிடியே மாட்டுனா பிரேக்கு பிடிக்காது. அந்தத் தாள்லயே கொட்ட எழுத்துல போட்டிருந்தான், டிஸ்குலயும் பேடுலயும் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாதுன்னு. நான் விடுவனா? கடையில இருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டாந்து ரெண்டு பக்கமும் தொடச்சேன். ஒரு தரம் இல்ல, மூணு தரம். ஆப்பரேசன் தியேட்டர்ல கத்தியக்கூட அப்பிடித் தொடைக்க மாட்டாவ.

தொடச்சி முடிச்சிட்டு ரெண்டு டிஸ்கயும் பூச ரூமுல கொண்டு வச்சேன். புதுச் சாமான், இரும்புச் சாமான், ஒரு உசுரத் தாங்குத சாமான். அத சாமி முன்னால வைக்காம மாட்டலாமா? விபூதி மூணு பட்ட போட்டேன். சந்தனம் வச்சேன். குங்குமத்தத் தண்ணியில கொழச்சா காஞ்சதும் உதுந்துரும். நல்லெண்ணெய் விட்டுக் கொழச்சாத்தான் நிக்கும். அதுனால நல்லெண்ணெய் விட்டுக் கொழச்சி, நல்லாத் தாராளமா, டிஸ்குக்கு முன்னாலயும் பின்னாலயும் பெரிய பொட்டா இட்டேன். பேடு நாலுக்கும் ஆளுக்கு ஒரு பொட்டு. சயின்ஸையும் விடல, சாஸ்திரத்தையும் விடல. எப்பிடி?

உலகம்மாள் கதவுக்கிட்ட நின்னு பாத்துட்டு, "ஏங்க, அதுல எண்ணெ படலாமா? நீங்கதான வாசிச்சிய"ங்கா. "வெளக்குக்கு ஆகுத எண்ணெ வண்டிக்கு ஆகாதாக்கும்? அந்தத் தாள்ல சொன்னது மெசினு எண்ணெய. சாமி எண்ணெயப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?"னு கேட்டேன். அவ அடுக்களைக்குப் போயிட்டா.

என்ன அண்ணாச்சி, சிரிக்கீய? இருமலா? தண்ணியக் குடிங்க.

சாயங்காலம் நாலு மணிக்கு ரெண்டு பக்கமும் மாட்டி முடிச்சாச்சு. சின்னதா ஒரு கம்பிக் கிளிப்பு மிச்சம் இருந்துச்சு. ஒண்ணு தொலஞ்சா ஒண்ணு இருக்கட்டும்னு கம்பெனிக்காரன் உபரியாப் போட்டிருப்பான், நல்ல மனசு. அத எடுத்து பர்ஸுல வச்சிக்கிட்டேன். உலகம்மாள உக்கார வச்சி, பிரேக்க பத்துத் தடவ மிதிக்கச் சொன்னேன். அது முக்கியம், மிதிச்சாத்தான் பிஸ்டன் வெளிய வந்து பேடத் தொடும். மிதிச்சா. பெடலு கல்லு மாதிரி நின்னுச்சு. பொறவு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழத்த வச்சி, "எடு வண்டிய"ன்னேன்.

எடுத்தா. எங்க தெரு லேசா எறக்கம். எறக்கத்துல போயி மிதிச்சா. வண்டி நிக்கணும்லா? கொஞ்சம் போயித்தான் நின்னுச்சு. கொஞ்சம்னா, கொஞ்சம். ஆறு வீடு தள்ளி ஒருத்தரு வீடு கட்டுதாரு, மணல் குமிச்சிருந்தாரு. அந்த மணல்ல மூக்கச் சொருவி நின்னுச்சு. நின்னுச்சா இல்லையா? புகை வந்துச்சு, நல்லெண்ணெ வாசம் தெருவே மணத்துச்சு. நான் ஓடிப் போயி கதவத் தெறந்தா, அவ ஸ்டீயரிங்க விடாமப் பிடிச்சிக்கிட்டு இருக்கா. பிடிச்சபடியே என்ன சொல்லுதா தெரியுமா? "மீசையில மண்ணு ஒட்டலல்லா? ஒட்டலன்னு சொல்லுங்க"ங்கா. அப்பிடிக் குத்திப் பேசுவா.

நான் அவளுக்கு வெளக்கிச் சொன்னேன். புதுப் பேடு புது டிஸ்குல படியணும். புதுச் செருப்பு மொத நாளு கடிக்கும்லா? எரநூறு முன்னூறு கிலோமீட்டர் ஓடுனா தானாப் படிஞ்சிரும். இது அந்த வெள்ளக்காரனும் சொன்னதுதான். அன்னைக்கு ராத்திரி அவ சாப்பிடல.

மறுநாளு திங்கக்கெழம. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிட்டா. "பாவநாசம் கோயில்ல வண்டிக்கு ஒரு பூச போட்டுட்டு வாரேன்"ன்னா. நல்ல காரியம்னு சொன்னேன். "அந்தக் கம்பித் துண்டக் குடுங்க, அதயும் சாமி பாதத்துல வச்சிட்டு வாரேன்"னா. பர்ஸுல இருந்து எடுத்துக் குடுத்தேன். காலையில எட்டு மணிக்குப் போனவ சாயங்காலம் நாலு மணிக்கு வந்தா. பிரசாதம் எங்கன்னு கேட்டேன், நட சாத்திட்டாவன்னா. ஆனா பிரேக்கு! அண்ணாச்சி, பிரேக்கப் பாக்கணுமே! தொட்டா நிக்கி. சத்தம் கித்தம் மூச். சொன்னேனா இல்லையா, ஒரே நாள்ல படிஞ்சிருச்சு! அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் ஏழு மாசம், ஒரு கொற உண்டா?

அதத்தான் நான் கேக்கேன். நூறு பேரு பாக்கச் சிரிச்சான்லா, அவன் வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். "அத்தான், நீங்க போட்ட பிரேக்கு நல்ல பிரேக்கு." ஆறு வார்த்த. சித்தப்பா மூலமாச் சொல்லி விட்டேன், கொழுந்தியா மாப்பிள்ள மூலமாச் சொல்லி விட்டேன். ஒரு பதிலும் இல்ல. அந்தத் திங்கக்கெழமைக்குப் பொறவு அவன் எங்க வீட்டு வாசல்ல கால் வைக்கல. தீவாளிக்கு வரல. அக்காளுக்குக் கொண்டாந்து குடுக்க வேண்டிய பொங்கப்படிய ஆள்கிட்ட குடுத்து அனுப்புதான். என்னையப் பத்தி, "அந்த மனுசன் மொகத்துல முழிக்கவே எனக்குப் பிடிக்கல"ன்னு சொன்னானாம். பொறாம! ஷெட்டு வச்சிருக்கவனுக்கு வீட்டுலயே ஒருத்தன் வேலைய முடிச்சிட்டான்னா வயிறு எரியாதா?

எம் மக வடிவு நேத்துச் சொல்லிட்டா, "மாமா வந்து கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போகாம நான் மணையில ஏற மாட்டேன்"னு. வளத்தது அவன், தூக்கிக்கிட்டுத் திரிஞ்சது அவன், அந்தப் பிள்ள கேக்கதுல ஒரு தப்பும் இல்ல. ஊரு என்ன சொல்லும்? தாய்மாமன் இல்லாத கல்யாணம்னு சொல்லும். அதுவும் எனக்குத் தெரியும். உலகம்மாள், "நான் கூட வரமாட்டேன், நீங்க ஒத்தையில போங்க. நான் வந்தா எம் பின்னால ஒளிஞ்சிக்கிடுவிய"ன்னு அனுப்பி வச்சிட்டா. புருசன் பொண்டாட்டி சேந்து வைக்க வேண்டிய பத்திரிகை. நான் வந்துட்டேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் வந்துட்டேன்லா? மீதிய அவன் வரட்டும்.

என்ன கேட்டிய? பாவநாசம் எத்தன கிலோமீட்டரா?

அம்பையில இருந்து போக வர இருவது. எதுக்குக் கேக்கீய?

எட்டு மணி நேரம் ஆச்சேன்னு கேக்கீயளா. கூட்டமா இருந்திருக்கும். ஆமா, மீட்டரப் பாத்தேன். எப்பவும் பாப்பேன், எனக்கு எழுதி வைக்கப் பழக்கம். அன்னைக்கு அம்பத்தெட்டு ஓடியிருந்துச்சு. சுத்தி வந்திருப்பா. எங்கயாது வழியில... அம்பையில இருந்து இங்க, இந்த பாவூர்சத்திரத்துக்குப் போக வர எவ்வளவுன்னு எனக்கு எதுக்குத் தெரியணும்? இன்னைக்கு பஸ்ஸுல வந்தேன், எனக்கு வழியில கல்லு எண்ணுததா வேல?

நீங்க ரொம்பக் கேள்வி கேக்கீய அண்ணாச்சி.

நான் அவகிட்ட கேக்கல. ஏழு மாசமாக் கேக்கல. கேட்டா அவ சொல்லிருவா, ஒளிக்கத் தெரியாதவ. சொல்லிட்டான்னு வைங்க, அந்தத் திங்கக்கெழம காலையில நான் அவள எதுல ஏத்தி அனுப்பி வச்சேன்னு எனக்குத் தெரிஞ்சிரும். கடையத்துக்கு முன்னால ஒரு எறக்கம் இருக்கு, பாத்திருக்கீயளா? எதுக்க லாரி வரும், மாடு படுத்துக் கெடக்கும். காலையில பஸ்ஸு அதுல எறங்கும்போது எங் காலு தானா தரைய மிதிக்கி. பக்கத்துல இருந்தவரு, "என்னா அண்ணாச்சி, வலிப்பா?"ன்னு கேக்காரு. வாசல்ல நின்னு கையாட்டுனவன் நானு. "பயப்படாமப் போ, படிஞ்சிரும்"னு சொன்னவன் நானு. அன்னைக்கு அவ திரும்பி வரலன்னா?

விடுங்க. அவ பாவநாசத்துக்குத்தான் போனா.

யோவ், டீக்காரரே, இன்னொரு டீ போடும். சீனி கம்மியா.

அண்ணாச்சி, திரும்பிப் பாக்காதிய. அவன் இந்தப் பக்கம் பாக்கான். கையத் தொடைக்கான். ரோட்டத் தாண்டுதானா? தாண்டுதானா இல்லையா, சொல்லுங்க. வரட்டும், வரட்டும். நான் எந்திரிக்கமாட்டேன். மொதல்ல அவன் பேசட்டும்.

வாடே. நல்லாத்தான் இருக்கேன். ஆமா, பத்து மணிக்கே வந்துட்டேன். உள்ள எதுக்கு வரணும்? இங்க காத்து நல்லா வருது. ஒங்க அக்கா வரல, பள்ளிக்கூடம் இருக்குல்லா. வடிவு நல்லா இருக்கா. ஒன்னைய விட்டுட்டுக் கல்யாணத்த வச்சிருவேன்னு நெனச்சியாக்கும்? நான் எதுக்கு வந்தேன்னு ஒனக்குத் தெரியும். நான் என்ன கேட்டேன்னும் ஒனக்குத் தெரியும். சித்தப்பா சொன்னாருல்லா? இவரு நம்ம பக்கத்துல உக்காந்திருக்காரு, ஒன் கஸ்டமரு, இவரு முன்னாலயே சொல்லு.

என்ன? சத்தமாச் சொல்லு, லாரிச் சத்தத்துல கேக்கல.

கேட்டீயளா அண்ணாச்சி? "அத்தான், நீங்க போட்ட பிரேக்கு நல்ல பிரேக்கு, நான் அதுல கையே வைக்கல"ங்கான். நான் கையே வைக்கலன்னு ஒன்னைய யாருடே கேட்டா? நான் கேட்டது ஆறு வார்த்த. மிச்சத்த நீயாச் சேத்துட்ட.

ஏல, மாப்ள. தரையப் பாக்காம என் மொகத்தப் பாத்துச் சொல்லுடே. ஒங்க அக்காளும் அன்னைக்கு நட சாத்திட்டாவன்னு சொல்லும்போது இப்பிடித்தான் தரையப் பாத்தா.

வேண்டாம். திரும்பச் சொல்லாத. போதும்.

கையக் கழுவிட்டு வரவேண்டாம், கிரீஸ் இருந்தா இருக்கட்டும். இந்தா, தட்டப் பிடி. ரெண்டு கையாலயும் பிடி. வெத்தல வாடிப் போச்சு, அதுக்கு நான் பொறுப்பில்ல, நீ வெரசா வந்திருந்தா வாடியிருக்காது. மொத நாளே வந்துரணும். எம் பிள்ளையக் கையப் பிடிச்சி நீதான் மணையில ஏத்தணும், வேற எவன் பிடிச்சாலும் அவ ஏறமாட்டா. ஏன்டே, கண்ணத் தொடைக்காத, கிரீஸு பட்டு எரியும். அட, நான் அழல, போடே. டீப் புகை.

அண்ணாச்சி, ஒங்க வண்டி வேல முடிஞ்சிருச்சாம். பயப்படாம எடுத்துட்டுப் போங்க. எம் பொண்டாட்டி ஏழு மாசமா தெனம் இவன் போட்ட பேடுலதான் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வாரா.

ஆனா டிஸ்கு நான் மாட்டுனதுதான். அத இவன் கழத்தல. வேணும்னா கேட்டுப் பாருங்க.